பிறந்த ஆண்டுப் பெட்டியில் 1994 இல்லை: உதவித்தொகை அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

உங்கள் விளையாட்டு உதவித்தொகை விண்ணப்பத்தின் இரண்டாவது பக்கத்தில் 'பிறந்த ஆண்டு' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதைத் தொட்டால் ஆண்டுகள் வரிசையாக இறங்குகின்றன. 2011-ல் தொடங்கி 2000-த்தில் நின்றுவிடுகின்றன. நான் பிறந்தது 1994.

அன்று ராத்திரி பதினொரு மணி இருக்கும். விடிகாலை 3.45-க்கு எழுந்து சைக்கிள் எடுக்க வேண்டும் என்பதால் நான் வழக்கமாக ஒன்பதுக்கே படுத்துவிடுவேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று விழித்திருந்தேன். அந்தப் பெட்டியை எத்தனை முறை மேலும் கீழும் தள்ளினேன் என்று கணக்கில்லை. ஆண்டைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. அடுத்த பக்கத்தில்தான் 'உங்கள் சாதனைகள், போட்டி நேரங்கள்' என்று கேட்டிருந்தீர்கள்.

மறுநாள் எல்லாவற்றையும் தாளில் எழுதி, போட்டி நேரச் சான்றுகளை இணைத்து, கூரியரில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. வயது வரம்பைக் கடந்துவிட்டதால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படவில்லையாம். பரிசீலித்துவிட்டு, உன் நேரம் போதாது என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு பயிற்சிக்குப் போயிருப்பேன். பிரித்தே பார்க்காத கவருக்கு வந்த பதில் இது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் அறிவிப்பில் உதவிக்குத் தகுதியான விளையாட்டுகளின் பட்டியலில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து செய்யும் டிரையத்லான் இருக்கிறது. பக்கத்திலேயே 'அனைத்துத் தூரங்களும்' என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒலிம்பிக்கில் இருப்பது குறுகிய தூரம் மட்டும்தான், 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் சேர்த்தார்கள். எங்கள் நெடுந்தூரம், அதாவது முழு தூரம், வேறு. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அப்புறம் ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டும், 42.2 கிலோமீட்டர். ஒலிம்பிக்கில் இல்லாததால் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. நீங்கள் கண்டுகொண்டீர்கள். ஆனால் அதே அறிவிப்பின் கீழே '14 முதல் 25 வயது வரை' என்ற வரியும் இருக்கிறது. இந்த இரண்டு வரிகளும் ஒன்றாக இருக்க முடியாது. நெடுந்தூர டிரையத்லானில் 25 வயது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தொழில்முறை வாழ்க்கை தொடங்கியே இராத வயது.

இதை நான் என் வசதிக்குச் சொல்லவில்லை. இந்த விளையாட்டின் வரலாறே அப்படித்தான் இருக்கிறது.

கிறிஸ்ஸி வெலிங்டன் என்ற பிரிட்டிஷ் பெண், அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நடுவில் நேபாளத்தில் குடிநீர், சுகாதாரத் திட்டங்களில் வேலை செய்தார். அங்கே மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டித்தான் தனக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுகொண்டார். 2007-ல் வேலையை விட்டுவிட்டுத் தொழில்முறை வீராங்கனையானபோது அவருக்கு 30 வயது. அதே வருஷம் அக்டோபரில் ஹவாய்த் தீவின் கோனாவில் உலகப் பட்டம் வென்றார். முழு தூரத்தில் அவர் மொத்தம் கலந்துகொண்ட 13 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. உங்கள் பெட்டியில் அவர் பிறந்த ஆண்டும் இருந்திருக்காது.

2011-ல் ஜெர்மனியின் ரோத் நகரில் வெலிங்டன் 8 மணி 18 நிமிடம் 13 விநாடியில் முடித்தார். பெண்களில் யாரும் அதுவரை அவ்வளவு வேகமாக முடித்ததில்லை. பன்னிரண்டு வருஷம் அந்த நேரத்தை யாராலும் தொட முடியவில்லை. 2023-ல் அதே ரோத்தில் டேனியேலா ரிஃப் 8:08:21-ல் முடித்து அதை உடைத்தார். ரிஃபுக்கு அப்போது 36 வயது. அடுத்த வருஷம் ஆன் ஹௌக், மறுபடியும் ரோத்தில், 8:02:38. அவருக்கு 41 வயது. தயவுசெய்து இந்த மூன்று வயதுகளையும் இன்னொரு முறை பாருங்கள்: 34, 36, 41. உலகத்தின் அதிவேகப் பெண் என்ற பெயர் கை மாறிய இந்த இரண்டு முறையும் முந்தையவரைவிட வயது கூடியவரிடம் போயிருக்கிறது.

ஆண்களிலும் இதே கதைதான். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குறுகிய தூரத்தில் தங்கம் வென்ற யான் ஃப்ரோடேனோ, கோனாவில் கடைசியாக 2019-ல் வென்றபோது அவருக்கு 38 வயது. 2011-ல் வென்ற கிரெய்க் அலெக்சாண்டருக்கும் 38. 2024-ல் 7 மணி 35 நிமிடம் 53 விநாடியில் கோனாவின் சாதனையை மாற்றி எழுதிய பேட்ரிக் லாங்கேவுக்கும் 38. மார்க் ஆலன் பல வருஷம் கோனாவில் தோற்றுத் தோற்று, 1989-ல் முதன்முதலாக வென்றார். அப்போது 31 வயது. பிறகு 37 வயதுக்குள் மொத்தம் ஆறு பட்டங்கள். அவரோடு மோதிய டேவ் ஸ்காட் 40 வயதில் திரும்பி வந்து 1994-ல் இரண்டாம் இடம் பிடித்தார்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இளம் வயதில் வென்றவர்களும் உண்டு. 2023-ல் பிரான்ஸின் நீஸில் ஆண்கள் உலகப் பட்டத்தை வென்ற சாம் லெய்ட்லோவுக்கு 24 வயதுதான். அவர் டிரையத்லான் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே அதிலேயே வளர்ந்தவர். அப்படி ஒரு வீடு தமிழ்நாட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும் என்று நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வேறொன்றிலிருந்து வருகிறவர்கள்தான். நீச்சலில் இருந்தோ, ஓட்டத்தில் இருந்தோ, ஒரு வேலையில் இருந்தோ.

நான் வந்த வழியைச் சொல்கிறேன். தூத்துக்குடியில் வளர்ந்தேன். எங்கள் தலைமுறைக்குக் கடல் நீச்சல் என்றால் குற்றாலீஸ்வரன்தான். 1994-ல், நான் பிறந்த அதே வருஷம், சின்னப் பையனாக இருந்தபோதே ஆறு நீரிணைகளைக் கடந்தவர். அப்பா அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போனார். மாநில அளவில் 800 மீட்டரும் 1500 மீட்டரும் நீந்தினேன். 21 வயதில் எல்லாம் முடிந்தது. தேசிய அளவில் பதக்கம் இல்லை, அதனால் வேலை இல்லை. வேலை இல்லாமல் எத்தனை நாள் குளத்திலேயே கிடப்பாய் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டதில் தப்பு இல்லை. சென்னைக்கு வந்து பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். 25-ல் கல்யாணம்.

2020 ஊரடங்கில் குளங்களை எல்லாம் மூடினார்கள். சம்பளம் நின்றது. உடம்பு சும்மா இருக்க மறுத்தது. வீட்டில் என் கணவரின் கியர் சைக்கிள் ஒன்று தூசி படிந்து நின்றது. அதை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்ப ஆரம்பித்தேன். அப்போது எனக்கு 26. உங்கள் கணக்கில் அன்றைக்கே நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஏன் இந்த விளையாட்டு மட்டும் வயதாக ஆக வளர்கிறது என்று உங்களில் யாருக்காவது சந்தேகம் இருக்கலாம். நான் மருத்துவர் இல்லை. என் உடம்பில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். நீச்சல்காரியான எனக்கு நெஞ்சும் மூச்சும் ஏற்கெனவே தயார். ஆறே மாதத்தில் நன்றாக ஓட ஆரம்பித்துவிட்டேன். ஆனால் எலும்புக்கும் தசைநாருக்கும் அந்த அவசரம் தெரியாது. அவை மெல்லத்தான் பலப்படும். 28 வயதில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை விரிசல் விட்டது. ஓட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை. அப்படித் தொடங்கி இன்றைக்கு வாரம் 70 கிலோமீட்டர் ஓடும் கால்களை உருவாக்க மூன்று வருஷம் பிடித்தது.

வயிறும் அப்படித்தான். பத்து மணி நேரம் ஓடும் உடம்புக்கு வழியிலேயே சாப்பாடு கொடுத்தாக வேண்டும். பெரிய வீரர்கள் மணிக்கு 90 கிராம் மாவுச்சத்து, அதற்கும் மேலே எடுத்துக்கொள்கிறார்கள். பழகாத வயிறு அதைத் தாங்காது, வெளியே தள்ளிவிடும். என் முதல் முழு தூரப் போட்டியில், ஓட்டத்தின் 20-வது கிலோமீட்டரில், சாலை ஓரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் வயிற்றுக்கும் பயிற்சி. கடைகளில் விற்கும் ஜெல் ஒவ்வொன்றும் இருநூறு ரூபாய்க்குப் பக்கம். ஒரு சனிக்கிழமைக்கு எட்டுப் பத்து வேண்டும். கட்டுப்படியாகாது. மால்டோடெக்ஸ்ட்ரின் மாவைக் கிலோக் கணக்கில் வாங்கி, சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும் சேர்த்து நானே கலக்கிக்கொள்கிறேன். கூடவே அம்மா அனுப்பும் கோவில்பட்டி கடலை மிட்டாய். எவ்வளவு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறினால் உப்பு எவ்வளவு என்று எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு வருஷ நோட்டு அது. 22 வயதில் யாரிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்காது, இருக்கவும் முடியாது.

சனிக்கிழமைகளில் நான் எங்கே இருக்கிறேன் என்று வந்து பாருங்கள். நாலே கால் மணிக்கு அக்கரையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்புவேன். முன்னால் ஒரு விளக்கு, பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு. உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டும் வரை தண்ணீர் லாரிகள். கோவளம் தாண்டியதும் நாய்கள். கல்பாக்கம் பக்கம் விடியும். மரக்காணம் உப்பளங்கள் கண்ணில் படும்போது ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஆகியிருக்கும். அங்கே திரும்ப வேண்டும். திரும்பும்போது எதிர்க்காற்று அடிக்கும் நாட்களில் என் வேகம் மணிக்கு 24-க்கு இறங்கிவிடும். அந்த வேகத்திலும் தலையைத் தாழ்த்தி, முழங்கைகளை, கைப்பிடியிலிருந்து முன்னால் நீளும் ஏரோ பாரில் ஊன்றி, கால் சுற்றும் தாளம் மாறாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். திருப்பத்தில் ஒரு டீக்கடை அக்கா என் நான்கு பாட்டில்களையும் நிரப்பித் தருவார். போன மாதம் அவர் கேட்டார், "இதுக்கு உனக்கு யாரும்மா சம்பளம் குடுக்குறாங்க?"

யாரும் கொடுக்கவில்லை. இந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. நெடுந்தூரப் போட்டியில் தொழில்முறை வீரர்களும் பொழுதுபோக்குக்காக வருகிறவர்களும் ஒரே நாள் ஒரே பாதையில் ஓடுகிறார்கள். முன்னால் கிளம்பும் ப்ரோ (தொழில்முறை) பிரிவில் நிற்க நாட்டின் சங்கம் மூலம் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு நேரம் காட்ட வேண்டும். உரிமம் வந்தாலும் பரிசுப் பணம் மேலே உள்ள சிலருக்குத்தான். கோனாவில் முதல் இடத்துக்கு 1,25,000 டாலர், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். ஆனால் பட்டியல் பதினைந்தாவது இடத்தோடு முடிந்துவிடும். சாதாரணப் போட்டிகளில் அதைவிடக் குறைவு. 2024-ல் ஆண்டு முழுக்கப் புள்ளி சேர்க்கும் தொடர்களும் ஒப்பந்த ஊதியமும் வந்த பிறகு மேல்மட்டத்தில் நிலைமை கொஞ்சம் நல்லபடியாகியிருக்கிறது. அந்த மேல்மட்டத்துக்கு ஏறும் படிக்கட்டில்தான் கைப்பிடி இல்லை. அந்தப் படிக்கட்டு ஏறக்குறைய 25 வயதில் தொடங்கி 33 வயது வரை இருக்கிறது. நீங்கள் உதவியை நிறுத்துவது சரியாக அதன் முதல் படியில்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. என் டைம் டிரையல் சைக்கிள் பெங்களூரில் ஒருவர் ஐந்து வருஷம் ஓட்டியது. என் நகைகளில் பாதியை விற்று வாங்கினேன். ப்ரோ பிரிவு உள்ள முழு தூரப் போட்டி வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டும். 2019-ல் கோவாவில் தொடங்கிய 70.3 போட்டி அரை தூரம்தான், அதற்கு மட்டும் ரயிலில் போகலாம். மற்றபடி நுழைவுக் கட்டணம், விசா, விமானம், சைக்கிள் பெட்டிக்குத் தனிக் கட்டணம். வருஷத்துக்கு ஒரு முழு தூரம்தான் முடிகிறது. முதல் வருஷம் 12 மணி 24 நிமிடம். அடுத்தது 11:31. இந்த வருஷம் 10:42. ப்ரோ பிரிவில் நின்றால் அவமானப்படாமல் இருக்க ஒன்பதே கால் மணி நேரம் வேண்டும். இன்னும் ஒன்றரை மணி நேரம் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முடியாமலும் போகலாம். இரண்டு வருஷத்தில் ஒரு மணி 42 நிமிடம் குறைத்திருக்கிறேன் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் வைத்துத்தான் நீங்கள் தீர்மானித்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டது பிறந்த ஆண்டை மட்டும்.

பதில் வந்த அன்று உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. "மேடம், உங்க ஏஜுக்கு கோச்சிங் சைடுல டிரை பண்ணலாமே. இது ஃபிட்னஸுக்காகப் பண்றதுதானே?" என்றார். அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. வசதியான நடுத்தர வயதுக்காரர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள இதில் இறங்குகிறார்கள். அவர்களால்தான் இந்தப் போட்டிகளே நடக்கின்றன, அவர்களை நான் மதிக்கிறேன். நடிகர் மிலிந்த் சோமன் 2015-ல் 49 வயதில் ஸூரிக்கில் முழு தூரத்தை முடித்தபோது நாடே கைதட்டியது, நானும்தான். ஆனால் அதே பாதையில் இதைத் தொழிலாகச் செய்கிறவர்களும் ஓடுகிறார்கள். வாரம் 22 மணி நேரப் பயிற்சிக்கு நடுவில், பிழைப்புக்காக ஆறு வகுப்பு எடுக்கும் ஒருத்தியைப் பார்த்து 'ஃபிட்னஸ்' என்று சொன்னது எனக்குப் பல நாள் ஆறவில்லை.

அடுத்ததாக, இந்த வரம்பு இளையவர்களுக்கு என்ன செய்கிறது என்பது. என்னிடம் நீச்சல் கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி இருக்கிறாள், 19 வயது. நல்ல நீச்சல், அருமையான ஓட்டம். அவளும் உங்கள் அறிவிப்பைப் படித்தாள். "அக்கா, 25-க்குள்ள காட்டணும்னா இப்பவே ஃபுல் டிஸ்டன்ஸ் போயிடணும்ல?" என்று கேட்டாள். முழு தூரத்தில் 18 வயது ஆனவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆகவே தடை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வயதில் அவள் செய்ய வேண்டியது குறுகிய தூரத்தில் வேகம் சேர்ப்பது, பாதங்களைப் பலப்படுத்துவது, நிறையத் தூங்குவது. ஃப்ரோடேனோவும் ஆன் ஹௌக்கும் ஒலிம்பிக் தூரத்தில் வருஷக்கணக்கில் ஓடிவிட்டுத்தான் நெடுந்தூரத்துக்கு வந்தார்கள். உங்கள் வரம்பு அந்தப் பிள்ளையை ஆறு வருஷம் முன்னாலேயே 180 கிலோமீட்டருக்குத் தள்ளுகிறது. என் முன்னெலும்பில் 28 வயதில் விட்ட விரிசல் அவளுக்கு 20 வயதில் விட்டால் யார் பொறுப்பு? பொறு என்று அவளிடம் சொன்னேன். பொறுத்தால் உதவி கிடைக்காது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 21-லிருந்து 27 வரை நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு என்னென்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படிப்பு முடியும், வரன் பார்ப்பார்கள், கல்யாணம், ஊர் மாற்றம், குழந்தை. விளையாட்டை விட்டவர்கள் அந்த வருஷங்களில்தான் விடுகிறார்கள். சில பேர் திரும்பி வருகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது உங்கள் கதவு மூடியிருக்கிறது. அமெரிக்காவின் செல்சி சொடாரோ 2022-ல் கோனாவில் பட்டம் வென்றபோது அவருக்கு 33 வயது, கையில் 18 மாதக் குழந்தை. நெடுந்தூர வீரர்களின் சொந்த அமைப்பான பி.டி.ஓ., பிரசவ காலத்தில் வீராங்கனைகளுக்குப் பணம் தரும் திட்டத்தை 2020-லேயே அறிவித்தது. குழந்தை பெற்றவள் திரும்பி வருவாள் என்று அந்தத் தொழில் எதிர்பார்க்கிறது. எனக்கும் குழந்தை வேண்டும். அடுத்த இரண்டு வருஷத்தில் என்று நினைத்திருக்கிறோம். அதற்கப்புறமும் ஓடுவேன். அதை ஒரு விண்ணப்பத்தில் எழுதக்கூடிய இடம் எனக்கு வேண்டும்.

நிதிக்கு வரம்பு இருக்கிறது, யாருக்குத் தருவது என்று எங்கேயாவது கோடு போடத்தான் வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். சரி, நியாயம். ஜிம்னாஸ்டிக்ஸில், குளத்து நீச்சலில் 25 என்று கோடு போட்டால் அதில் ஓரளவு அர்த்தம் உண்டு. அந்த விளையாட்டுகளில் ஒன்றை நானே கடந்து வந்திருக்கிறேன். எல்லா விளையாட்டுக்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பதுதான் பிரச்சினை. உங்களிடம் வரும் பணத்தில் பெரும்பகுதி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று உங்கள் அறிவிப்பிலேயே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வரும், லாபத்தில் 2 சதவீதம். அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையை நான் படித்துப் பார்த்தேன். கிராமப்புற விளையாட்டு, தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகள், இவற்றுக்கான பயிற்சி என்றுதான் இருக்கிறது. அந்த வரியில் வயதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 25 என்பது சட்டம் போட்ட கோடு இல்லை. உங்கள் மேசையில் போட்டது. அதனால் அதை மாற்ற உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நான் கேட்பவை இவை.

நெடுந்தூர டிரையத்லான், மாரத்தான், கடல் நீச்சல் போன்ற நெடுநேர விளையாட்டுகளுக்கு 25 வயது வரம்பை எடுத்துவிடுங்கள். வரம்பு கட்டாயம் வேண்டும் என்றால், பிறந்த ஆண்டுக்குப் பதில் அந்த விளையாட்டில் போட்டியிடத் தொடங்கிய ஆண்டைக் கேளுங்கள். முதல் எட்டு ஆண்டு என்று வையுங்கள், அது நியாயமாக இருக்கும்.

பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் விலகியிருந்த காலத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

தேர்வுக் குழுவில் முழு தூரத்தைப் போட்டியாக ஓடி முடித்த ஒருவராவது இருக்கட்டும். மூன்று வருஷத்தில் ஒரு வீரரின் நேரம் எப்படி இறங்குகிறது என்று படிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். ஆணோ பெண்ணோ, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

23 வயதுக்கு உட்பட்டவர்களிடம் முழு தூர நேரத்தைத் தகுதியாகக் கேட்காதீர்கள். குறுகிய தூர நேரமே போதும் என்று அறிவிப்பில் எழுத்திலேயே போடுங்கள்.

இந்த வருஷம் வயதைக் காட்டித் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களை எல்லாம் வெளியே எடுத்து ஒரு முறை படியுங்கள். என்னுடையது உட்பட. படித்த பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தால், எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்த சுற்று விண்ணப்பம் ஏப்ரலில் திறக்கும் என்று போட்டிருக்கிறீர்கள். மார்ச் மாத இறுதிக்குள் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் முகவரி அந்தக் கவரின் பின்பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
நெடுந்தூர டிரையத்லான் வீராங்கனை ஒருத்தி,
சென்னை